கோழி எருவைச் சூடேற்றி மக்க வைப்பது எப்படி?

நாமக்கல் பக்கமிருந்து லாரியில் வரும் கோழி எருவைப் பலரும் அப்படியே வயலில் இறைத்துவிடுகிறார்கள். கோழிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அந்த மருந்துக்குச் சாகாத பாக்டீரியாவும் கூடவே வரும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் போடும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது இந்தப் பயத்தினால்தான். எருவைச் சூடேற மக்க வைத்தால் ஆபத்து நன்றாகவே குறையும்.

1. ஒரு கூடை எருவுக்கு இரண்டு மூன்று கூடை வைக்கோல், சருகு அல்லது நறுக்கிய சோளத்தட்டை சேருங்கள். கோழி எருவில் தழைச்சத்து அதிகம். தனியாகப் போட்டால் அம்மோனியா நெடிதான் மிஞ்சும்.

2. தண்ணீர் தெளித்துக் கலந்து, ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி.

3. கிணற்றுக்குத் தள்ளி, மேட்டில், 5 அடி அகலம் 4 அடி உயரத்தில் குவியுங்கள். குழி வேண்டாம், காற்று போகாது. சின்னக் குவியலில் சூடு நிற்காது. மழைக்குத் தென்னங்கீற்று போதும்.

4. இதுதான் முக்கியம். நடுவில் 55 டிகிரிக்குக் குறையாத சூடு 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் உள்ள கணக்கு இது. நீளத் தண்டு வெப்பமானி வாங்கிவிடுங்கள். அவசரத்துக்கு, இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால், சூடு ஏறிய குவியலில் கையில் பிடிக்க முடியாது. புரட்டும்போது ஓரத்து எரு நடுவுக்கு வரவேண்டும். ஓரம் குளிர்ந்தே கிடப்பதால் கிருமி அங்கேதான் தப்பிக்கும். விடியலில் புரட்டினால் ஆவி பறக்கும். உள்ளே சாம்பல் தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிவது நல்ல நுண்ணுயிர்தான், பயம் வேண்டாம். சூடே ஏறவில்லையா? காய்ந்திருந்தால் தண்ணீர், நாறினால் வைக்கோல்.

5. அப்புறம் இரண்டு மாதம் ஆறவிடுங்கள். மண்வாசனை வந்தால் போடலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆன்டிபயாடிக்குகளில் டெட்ராசைக்ளின் இந்தச் சூட்டில் பெரும்பாலும் சிதைந்துவிடும்; சிப்ரோஃபிளாக்சசின் வகை எருவோடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். பாக்டீரியாவில் இருக்கும், மருந்தை எதிர்க்கும் மரபணுக்களிலும் சில தப்பும். அதனால் பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெங்காயத்துக்கு நன்றாக ஆறிய எருவையே போடுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் பாலைத் தனியே ஒதுக்குகிறோம், சாணத்தை மறந்துவிடுகிறோம். அந்த நாட்களின் சாணத்தை ஜீவாமிர்தத்தில் (சாணம், கோமியம் கலந்து புளிக்க வைக்கும் கரைசல்) கரைக்காதீர்கள். புதுக் குவியலின் நடுவில் வையுங்கள்.