பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது செய்யும் தவறுகள்

பரிந்துரைக் கடிதத்தைச் சிபாரிசுக் கடிதம் என்றும் சொல்கிறோம். பாதித் தவறுகள் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகின்றன. சிபாரிசு என்றதும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டுக் கல்லூரியின் சேர்க்கைக் குழு தேடுவதோ ஒரு சாட்சியை. இந்த மாணவர் வகுப்பில் எப்படி இருந்தார் என்பதைக் கண்ணால் பார்த்தவர் சொல்ல வேண்டும்.

அப்பாவின் நண்பரான நீதிபதியால் என்ன எழுத முடியும்? “நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஒழுக்கமானவர், சிறப்பாக வருவார்.” அவ்வளவுதான். கடிதத்தாளின் முகப்பு கனமாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பரிசளிப்பு விழாவில் மட்டும் உங்களைப் பார்த்த தலைமையாசிரியரின் கடிதமும் ஏறக்குறைய இதே கதைதான்.

அடுத்து, நூற்றுக்கு நூறு வாங்கிய பாடத்தின் ஆசிரியரிடமே ஓடுவது. மதிப்பெண் ஏற்கெனவே சான்றிதழில் இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்ல ஒரு கடிதம் எதற்கு? அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில், ஆசிரியருக்கான படிவம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். இந்த மாணவரை நினைத்ததும் முதலில் தோன்றும் சொற்கள் எவை என்று கேட்கிறது. பிறகு ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு மதிப்பீடு. சராசரிக்குக் கீழே என்பதில் தொடங்கி, ‘நான் கண்ட மிகச் சிலரில் ஒருவர்’ என்பது வரை போகும் அளவுகோல் அது. அந்தக் குணங்களில் ஒன்று, பின்னடைவை மாணவர் எதிர்கொள்ளும் விதம். எப்போதும் முதலிடத்தில் இருந்தவரைப் பற்றி ஆசிரியர் அங்கே என்ன சொல்வார்? அரையாண்டில் சறுக்கி, வகுப்பு முடிந்த பிறகும் நின்று கேள்வி கேட்டு, மெல்ல மேலேறி வந்த பாடத்தின் ஆசிரியரிடம்தான் சொல்வதற்குச் செய்தி இருக்கும்.

கல்லூரி என்ன கேட்கிறது என்று படிக்காமலே ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி ஒரு கடிதத்தைக் கணித அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், இன்னொன்றை மொழி, சமூக அறிவியல், கலைத் துறைப் பாடங்களின் ஆசிரியரிடமிருந்தும் கேட்கிறது. இரண்டும் இயற்பியல், வேதியியல் என்று போனால் சரிவராது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் பொதுவாக விண்ணப்பத்தோடு கடிதமே கேட்பதில்லை. பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்ப முறையில் ஒரே ஒரு பரிந்துரைதான், அதையும் வழக்கமாகப் பள்ளியே அனுப்பும். இரண்டு கேட்ட இடத்தில் ஐந்து அனுப்பினால் பலம் கூடும் என்பது கற்பனை. நல்ல இரண்டும் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

காலம் கடத்துவதுதான் என்னை அதிகம் நோகடிக்கும் தவறு. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல அமெரிக்கக் கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள், வழக்கமான சுற்றுக்கு ஜனவரி தொடக்கம். ஒருமுறை ஒரு மாணவன் சனிக்கிழமை மாலை வந்து திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று நின்றான். அருமையான பையன். நான் எழுதியதோ மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எழுதிய வறண்ட கடிதம். அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தன. பதினோராம் வகுப்பு முடியும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். “கடிதம் தருவீர்களா” என்றால் மறுக்க மனம் வராமல் சரி என்றுவிடுவார்கள். “என்னைப் பற்றி வலுவாக எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா” என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். அரை மனதுக் கடிதம் எப்படியும் வரிகளுக்கிடையே தெரிந்துவிடும்.

ஒப்புக்கொண்டவரிடம் சான்றிதழ்க் கட்டைக் கொடுத்துவிட்டு வருவதால் பயனில்லை. ஒரு பக்கக் குறிப்பு போதும். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்தத் தேதி, அதோடு அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்கள். ‘கடின உழைப்பாளி’ என்று எழுதித் தராதீர்கள். ‘செய்முறை வகுப்பில் மூன்று முறை விடை தவறியது, நான்காவது முறை தராசையே சந்தேகப்பட்டுச் சோதித்தேன்’ என்று எழுதுங்கள். மிச்சத்தை அவரே நினைவுகூர்வார்.

“நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆசைப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நேர்மையற்றது என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் கட்டுரையையும் கடிதங்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரே கை எழுதியது எளிதில் பிடிபடும். தன்னைத் தானே புகழும்போது எவருக்கும் பொதுச்சொற்கள்தான் வரும் என்பது இன்னொரு சிக்கல். “குறிப்புகளை நான் தருகிறேன், கடிதத்தை உங்கள் நடையில் எழுதுங்கள்” என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்க விண்ணப்பங்களில் இன்னொரு கேள்வி வரும். மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றிய 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பின் இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். பயந்துபோய் மறுப்பவர்கள் உண்டு. விட்டுக்கொடுப்பதே நல்லது. மாணவர் பார்க்கப்போகும் கடிதத்தில் ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருப்பாரா என்ற ஐயம் படிப்பவருக்கு வரும்.

கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல் போதும், நாள்தோறும் வேண்டாம். முடிவு வந்ததும், இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எழுதியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு உதவித்தொகைக்கோ வேறு கல்லூரிக்கு மாறவோ மீண்டும் ஒரு கடிதம் தேவைப்படும்போது, அதே அறை வாசலில் தயங்கி நிற்கிறார்கள்.