அப்பாவின் போனில் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’: எங்கே கை வைப்பது?

ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிப்போம், பரணைக்கூட ஒழிப்போம். 64 ஜிபி போனை மட்டும் அது கதறும்வரை யாரும் தொடுவதில்லை. கதறிய பிறகு, விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளையின் கைக்கு அது வந்துசேரும். பிள்ளையும் கேலரியைத் திறந்து, வாட்ஸ்அப்பில் வந்த ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படங்களை ஒவ்வொன்றாக அழிக்கும். அரை மணி நேரத்தில் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஒரு வணக்கப் படம் சுமார் 150 கேபி. தினம் 40 படம் வந்தாலும் வருடத்துக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 15 எம்பி வீடியோ தினம் மூன்று வந்தால் வருடத்துக்கு 16 ஜிபி. ரோஜாப்பூ அப்பாவி. இடத்தை அடைப்பது மூட்டுவலி வைத்தியமும், யாரோ வீட்டு வளைகாப்பு வீடியோவும்.

கை வைக்கும் முன் போனுக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நமக்குக் குப்பையாகத் தெரிவதில் பட்டா நகல் இருக்கும், டாக்டர் சீட்டு இருக்கும், இப்போது உயிரோடு இல்லாத ஒருவரின் குரல் பதிவு இருக்கும். அவற்றுக்கு வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் போடலாம். ஆனால் நட்சத்திரம் வெறும் அடையாளம், பூட்டு இல்லை. ஆகவே உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். சாமி படத்தை அழிக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு விடை உங்கள் குடும்பத்தைப் பொறுத்தது. வாதாடாமல் விட்டுவிட்டால் 150 கேபிதான் நஷ்டம்.

இனி வேலை. ஆண்ட்ராய்டு போன் என்றால் வாட்ஸ்அப்பின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். அங்கே ‘5 எம்பிக்கு மேல்’ என்று ஒரு பெட்டி இருக்கும். ‘பலமுறை ஃபார்வர்டு ஆனவை’ என்று இன்னொன்றும் இருக்கலாம். இரண்டாவதைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஐந்து கை தாண்டி வந்த சரக்கு அது, குடும்பப் படமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதை முடித்துவிட்டு 5 எம்பி பெட்டியைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். முதல் இருபது முப்பது வீடியோவிலேயே ஜிபி கணக்கில் இடம் கிடைத்துவிடும். அழிக்கும்போது, நகல்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டால் ஆம் என்று கொடுங்கள். ஒரே வீடியோ சித்தப்பா, மாமா, தெரு சங்கம் என்று மூன்று வழியாகவும் வந்திருக்கும்.

கேலரியில் அழித்தும் இடம் வரவில்லை என்றால் அது குப்பைத் தொட்டிக்குள் இருக்கிறது என்று பொருள். கூகுள் போட்டோஸ் தொட்டியில் பேக்கப் ஆன படம் 60 நாளும், ஆகாத படம் 30 நாளும் கிடக்கும். அதைத் தனியாகக் காலி செய்ய வேண்டும்.

கேலரியில் தெரியாத இரண்டு மூலைகள் உண்டு. பைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப் என்று உள்ளே போனால் மீடியா என்ற கோப்புறை. அதில் வாட்ஸ்அப் இமேஜஸ், வாட்ஸ்அப் வீடியோ இரண்டுக்குள்ளும் ‘சென்ட்’ என்று ஒன்று இருக்கும். நாம் எடுத்து அனுப்பிய ஒவ்வொரு படத்தின் இரண்டாவது நகலும் அங்கே குடியிருக்கிறது. அசல் கேமரா கோப்புறையில் பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அழிக்கலாம். மற்றொரு மூலை, மீடியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் டேட்டாபேஸஸ் கோப்புறை. தினமும் நள்ளிரவுக்குப் பின் எடுக்கும் பேக்கப் ஏழு நாளுக்குச் சேர்ந்திருக்கும். கடைசியாக எடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு, பெயரில் பழைய தேதி உள்ளவற்றை நீக்கலாம்.

மறுபடி நிரம்பாமல் இருக்க, அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில் தானாக இறங்கும் வசதியில் வீடியோவின் டிக்கை எடுங்கள். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் எடுக்க வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுவார்கள். வீட்டில் வைஃபை போட்டதும் கதை பழையபடி ஆரம்பிக்கும். ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைப்பதால் இடம் மிச்சமாகாது, படம் கேலரியில் தெரியாமல் போகும், அவ்வளவே. மறையும் செய்திகளை நம்பியும் பயனில்லை: செய்தி மறைந்தாலும் தானாக இறங்கிய படம் போனிலேயே தங்கிவிடும்.

கூகுள் கணக்கையும் ஒரு பார்வை பாருங்கள். 2024 முதல் ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இலவச 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். அது நிரம்பினால் ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதே நின்றுபோகும். சாட் பேக்கப் பக்கத்தில் வீடியோவைச் சேர்க்கும் வசதி அணைந்திருக்கிறதா பாருங்கள்.

போன் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பின் கீழே ‘கிளியர் கேச்’, ‘கிளியர் டேட்டா’ என்று இரண்டு பொத்தான் இருக்கும். முதலாவதை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது உரையாடல் அத்தனையையும் போனிலிருந்து துடைத்துவிடும். அவசரத்தில் விரல் மாறுவது இங்கேதான்.