கொழும்பிலிருந்து பருத்தித்துறை வரை: பகலில் போகவேண்டிய வழி

வெளிநாடுகளிலிருந்து தாயகம் செல்லும் ஈழத்தமிழரான நம்மவர்களில் பலர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய இரவே வாடகை வான் பிடித்து, விடியுமுன் யாழ்ப்பாணம் சேர்ந்துவிடுகின்றனர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நாடு உறக்கத்திலேயே கடந்துவிடுகிறது. இரண்டு வாரமேனும் கையில் உள்ளவர்கள் அவ்வழியை மூன்று பகல்களாகப் பிரித்து, ஒவ்வோர் இரவும் ஒரு நண்பரின் ஊரில் தங்கும்படி திட்டமிடுங்கள்.

முதல் காலையைக் கொழும்புக்கு ஒதுக்கலாம். புறக்கோட்டையில் கடைகள் திறந்தபின் வாகனம் நகராது. ஆதலால் காலையிலேயே நடந்து சென்று, 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலையும், 1757இல் ஒல்லாந்தர் திறந்த வுல்வெண்டால் தேவாலயத்தையும், கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலையும் பாருங்கள்.

வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் வாகனம் ஓட்ட முடியாது. உள்நாட்டு அங்கீகாரம் பெற வேண்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் சாரதியோடு வாகனம் அமர்த்துவதே நல்லது. ஆனால் அவருக்கு இரவு உணவும் படுக்க நல்ல இடமும் உண்டா என்பதை நண்பரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; இதை மறப்பவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். இருட்டியபின் வீதியில் மாடுகள் படுத்திருக்கும், சில பகுதிகளில் யானைகளும் குறுக்கிடும் என்பதால் மாலைக்குள் ஊர் சேருங்கள்.

புத்தளம், அனுராதபுரம் வழியாக மதவாச்சியை அடைந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஏ-9 வீதியில் நேரே போனால் வவுனியா, முறிகண்டி, ஆனையிறவு. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் எவரும் அவ்விடத்தைக் கடப்பதில்லை. இடப்பக்கம் திரும்பினால் மன்னார்ப் பாதை. திருக்கேதீச்சரத்தை வணங்கி, பூநகரி ஊடாக, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையலாம். போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றது என வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ் நகரில் பொது நூலகத்துக்கே முதலில் செல்லுங்கள். சென்னைக் கட்டடக்கலைஞர் எஸ். நரசிம்மன் வரைந்து 1959இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பின்னர் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்தது. அங்கே இன்றும் மாணவர் படித்துக்கொண்டிருப்பதால் பார்வையாளருக்கான நேரத்தைக் கேட்டறிந்து, அமைதியாக நடந்துகொள்ள வேண்டும். அருகிலுள்ள ஐங்கோணக் கோட்டையின் மதிலில் மாலையில் ஏறினால் கடனீரேரி முழுவதும் தெரியும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றியே செல்ல வேண்டும்.

இவற்றிலும் மேலாக நான் பார்க்கச் சொல்வது வீடுகளைத்தான். நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம் ஓடும் நாற்சார் வீடுகளும், வேலி வாசலில் சிறு கூரையிட்டு, தெருவால் போகிறவர் வெயிலுக்கு ஒதுங்கத் திண்ணை வைத்த சங்கடப்படலைகளும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்தில், வீதியின் இருபுறமும் திண்ணைகள் இருக்க, நடுவே வண்டிகள் போக, கூரை வீதியையே மூடி நிற்கிறது. இவையெல்லாம் வழிப்போக்கரை எண்ணிக் கட்டப்பட்டவை. எங்கே எஞ்சியிருக்கின்றன என்பதை அவ்வூரில் வாழும் நண்பரே அறிவார். ஆகவே அவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். படை முகாம்களை எவ்வகையிலும் படம் பிடிக்கக் கூடாது.

ஒரே நாளில் நான்கு வீடுகளுக்குப் போவதாகச் சொல்லாதீர்கள். போகும் வீடெல்லாம் உங்களுக்காகச் சமைத்து வைத்திருக்கும். அரை வயிற்றோடு எழுந்தால் அவர்கள் மனம் வாடும். மதியத்துக்கு ஒரு வீடு, மாலைத் தேநீருக்கு ஒரு வீடு என்பதே அளவு. போர்க்கால இழப்புகளைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள், அப்போது கடிகாரத்தைப் பாராமல் கேளுங்கள். திரும்பிப் புறப்படும் நாளில் ஒடியலும் (உலர்த்திய பனங்கிழங்கு) பனங்கட்டியும் வறுத்த மிளகாய்த்தூளும் பொதி பொதியாக வந்து சேரும் என்பதால், பெட்டியில் ஐந்து கிலோவுக்காவது இடம் விட்டே வெளிநாட்டிலிருந்து கிளம்புங்கள்.