தலையில் கட்டும் ரோச்: யானைக் காவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக நெற்கதிர் முற்றத் தொடங்கினால் முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் இரவுக் காவலும் தொடங்கிவிடும். இந்த முறை பரணில் ஏறிய புதுப் பொடியன்கள் எல்லோர் தலையிலும் ரோச் (பற்றரி விளக்கு). முதன்முதலாகத் தலையில் கட்டியபோது நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். சார்ஜ் போட மறப்பதைப் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

ரோச்சோடு ஆள் முகத்தைப் பார்ப்பது

கை ரோச் என்றால் ஆளோடு பேசும்போது கை தானாகத் தாழும். தலை ரோச் முகம் போகும் இடமெல்லாம் போகும். பேசத் திரும்புகிறவருக்கு அது தெரிவதே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், சாமம் இரண்டு மணி இருக்கும். காட்டுக்கரையில் கிளை முறிந்தது. இருட்டில் யானையின் உருவம் எனக்கு மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. "மாமா, அங்க!" என்று மருமகன் என் பக்கம் திரும்பினான். முழு வெளிச்சமும் என் கண்ணில். அதற்குப் பிறகு யானையும் தெரியவில்லை, வரம்பும் தெரியவில்லை. பின்வாங்கி வாய்க்காலுக்குள் விழுந்தேன், கணுக்கால் பிசகியது. அவன் என்னைத் தூக்க ஓடிவர, வெடி கொளுத்த ஆளில்லை. விடிந்து பார்த்தால் கால் ஏக்கர் மிதிபட்டுக் கிடந்தது. இன்றைக்கும் யாராவது ரோச்சோடு என்னைப் பார்த்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். விழித்திரையில் உள்ள ரொடொப்சின் என்ற ஒளியுணர் நிறமி அவ்வளவு மெதுவாகத்தான் ஊறும். பலத்த வெளிச்சம் அதைச் சில நொடியில் கரைத்துவிடும். ஆகவே திரும்புமுன் ரோச்சைக் கையால் பொத்துங்கள். வெளிச்சம் வரப்போகிறது என்று தெரிந்தால் ஒரு கண்ணை மூடுங்கள், அந்தக் கண் தப்பும். பரணுக்குள் மங்கிய சிவப்பு வெளிச்சம் போதும்.

வெளிச்ச வட்டத்தை மட்டும் பார்ப்பது

இராணுவ ஹெலிகொப்டர் விமானிகள் தலைக்கவசத்தில் பூட்டும், இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடி பெரும்பாலும் 40 பாகை அகலத்தைத்தான் காட்டும். வெறுங்கண்ணுக்கு 180க்கு மேல். அதனால் தலையை ஓயாமல் இரு பக்கமும் திருப்பிப் பார்க்க அவர்களைப் பழக்குகிறார்கள். ரோச்சின் வட்டமும் அப்படி ஒடுங்கியதுதான், நீங்களும் பழகுங்கள். தனியன் யானை பக்கத்தால் சத்தமில்லாமல் வரும்.

பனிக்குள் முழு வெளிச்சம்

வெள்ளைச் சுவர்தான் தெரியும். குறையுங்கள்.

முன்பாரம்

பற்றரி பின்மண்டையில் இருக்கும் ரோச்சாக வாங்குங்கள். விமானிகளின் தலைக்கவசத்திலும் பின்னால் எதிர்ப்பாரம் வைப்பார்கள். முன்பாரத்தால் கழுத்து உளையத் தொடங்கினால், சரி, அதற்குப் பிறகு எவரும் தலையைத் திருப்பிப் பார்க்கமாட்டார்.