லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிட்: அரிய வகைகள் வீட்டில் நிலைக்காமல் போவது ஏன்?

டெண்ட்ரோபியம், வாண்டா போன்ற மற்ற ஆர்க்கிட்கள் செழிக்கும் வீட்டில்கூட லேடி ஸ்லிப்பர் ஒரே ஆண்டில் அழுகிப்போவது உண்டு. பாஃபியோபெடிலம் என்ற இந்தப் பேரினத்துக்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பருத்த தண்டு கிடையாது. பழுப்பு நிறத்தில், மயிர் அடர்ந்த சில வேர்களை நம்பித்தான் செடி உயிர் வாழ்கிறது. முழுக்கக் காயவிட்டால் வேர்நுனி கருகும். ஊறிக் கிடந்தால் அழுகும். பெரும்பாலான தவறுகள் இந்த வேரில்தான் வந்து முடிகின்றன.

ஆனால் முதல் தவறு செடி வாங்கும்போதே நடந்துவிடுகிறது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அது எந்த மலையில் வளர்வது என்று கேட்காமலே வாங்கிவிடுகிறோம். சீனாவின் யுன்னான் மலைகளைச் சேர்ந்த மஞ்சள் நிற ஆர்மினியாக்கம் என்ற வகை, குளிர்காலத்தில் இரவு வெப்பம் 10 முதல் 13 டிகிரிக்கு இறங்கினால்தான் ஒழுங்காக மொட்டு வைக்கும். சென்னையிலோ மதுரையிலோ அது உயிரோடு இருந்தாலும் பூப்பது அரிது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் துணிந்து முயலலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு நிவியம், கான்கலர், பிலிப்பினென்ஸ் போன்ற வெப்பம் தாங்கும் வகைகளே ஏற்றவை. அவற்றுக்கும் கோடையில் நிழலும் ஈரக்காற்றும் கட்டாயம். மலேசியாவின் கினபாலு மலையில் வளரும் ராத்ஸ்சைல்டியானம் என்ற வகை பார்க்கப் பிரமாதமான செடி. ஆனால் நாற்றாக வாங்கினால் பூக்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அது தெரியாதவர்கள் பூக்கவில்லையே என்று உரத்தைக் கூட்டி வேரைப் பொசுக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் உப்பு மிகுந்தது. லேடி ஸ்லிப்பருக்கு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. உப்பு சேர்ந்துவிட்டதை இலைநுனி காட்டிக்கொடுக்கும்: பழைய இலையின் நுனியில் பழுப்பு ஏறி, மெல்லக் கீழிறங்கும். மாதம் ஒருமுறை வெறும் நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். உரம் லிட்டருக்கு கால் கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

உப்பு தண்ணீரில் மட்டும் வருவதில்லை. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகளிலும் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. வாங்கியபடியே போட்டால் வேர் பாழ். ஒரு நாள் ஊறவைத்து வடிப்பதை மூன்று முறை செய்ய வேண்டும். நடுவில் ஒருமுறை லிட்டருக்கு 4 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவினால் சோடியம் வெளியேறும். 6 முதல் 10 மில்லிமீட்டர் மரப்பட்டைத் துண்டு நான்கு பங்கு, பெரிய பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) ஒரு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு என்ற கலவை இன்னும் நம்பகமானது. மண் கூடவே கூடாது.

நிவியம், கான்கலர் போன்றவை சுண்ணாம்புப் பாறைகளில் வளர்பவை. 4 அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி உடைத்த கிளிஞ்சல் சேருங்கள். சுட்ட சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள். அதன் காரம் வேரை எரித்துவிடும்.

தொட்டி பெரிதாக இருந்தால் செடி வேகமாக வளரும் என்று நினைப்பது தவறு. வேர் எட்டாத கலவை காயாமல் கிடந்து புளிக்கும். வேர்கள் அடங்கும் அளவுக்கு மேல் ஒரு விரல் இடம் இருந்தால் போதும். ஆர்மினியாக்கம் மட்டும் விதிவிலக்கு: நீண்ட ஓடுதண்டு விட்டுப் பரவுவதால் அதற்கு அகன்ற, ஆழமில்லாத கூடை வேண்டும். புதிய வேர், செடியின் பக்கத்தில் கிளைக்கும் புதுக்கன்றின் அடியிலிருந்துதான் வரும். கன்று கலவைக்கு மேலே ஏறி நின்றால் அந்த வேர் காற்றில் காய்ந்துபோகும். ஆழப் புதைத்தால் அடித்தண்டு அழுகும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்றி, அடித்தண்டு மேற்பரப்பை ஒட்டி நிற்கும்படி நடுங்கள். செடி ஆடினால் குச்சி நட்டுக் கட்டுங்கள். ஆட்டத்தில் வேர்நுனி தேய்ந்துவிடும்.

மாலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. குருத்தில் தேங்கும் நீரில் பாக்டீரியா அழுகல் தொடங்கினால் சில நாட்களிலேயே கன்று போய்விடும். காலையில் ஊற்றி, குருத்தில் நின்ற நீரைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இலையில் நீர்கோத்த பழுப்புப் புள்ளி தெரிந்தால், தீயில் காட்டிய கத்தியால் நல்ல பகுதி ஒரு சென்டிமீட்டர் சேரும்படி வெட்டி, வெட்டுவாயில் சமையலுக்கான இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம். வேரில் அது படக்கூடாது, வேரை உலர்த்திவிடும்.

பூத்து முடிந்த கன்று மறுபடி பூக்காது என்பதற்காக அதை வெட்டி எறியாதீர்கள். அடுத்த கன்றுக்கு உணவு அங்கிருந்துதான் போகிறது. பிரிப்பதானால் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று கன்றாவது இருக்கட்டும்.

அகத்தியமலையில் மட்டும் இயற்கையாக வளரும் ட்ரூரி என்ற வகையை, மஞ்சள் பூவில் கரும்பழுப்புக் கோடு ஓடும் அந்த அழகியை, சேகரிப்பவர்களே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாஃபியோபெடிலம் முழுவதையும் காக்கிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் அது இருக்கிறது. "காட்டிலிருந்து வந்தது" என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். குடுவையில் விதையிலிருந்து வளர்த்த நாற்றுக்கு ஆவணம் கேளுங்கள். உரிமம் தேவையா என்று வனத்துறையிடம் விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.