கிரேக்க மொழிச் சண்டை: எழுத வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

நவீன கிரேக்க வரலாற்றைப் பற்றிப் புதிதாக எழுதுபவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். ஆண்டு, பெயர்ப் பிழைகளை விடுங்கள், யார் பார்த்தாலும் கண்ணில் பட்டுவிடும். கிரேக்கத்தை எழுத கதரேவுசா நடையா, திமோதிகி நடையா என்று நடந்த சண்டையில் அவர்கள் சறுக்கும் இடங்கள்தான் கீழே வரும் தலைப்புகள்.

கதரேவுசா வலது, திமோதிகி இடது

எத்தனை முறை திருத்தினாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. பழங்கிரேக்கச் சாயலில் செதுக்கிய கதரேவுசா தேசியவாதிகளுடையது, மக்கள் பேச்சிலிருந்து எழுந்த திமோதிகி அவர்களை எதிர்த்தவர்களுடையது என்று பிரித்துவிடுகிறார்கள். ஒரு கட்டுரையில் எழுத்தாளர் இயோன் திராகூமிஸ் கதரேவுசா அணியில் நின்றார். ஏன் என்று கேட்டேன். "அவர் தீவிர தேசியவாதி ஆயிற்றே சார்!" சரி, தேசியவாதிதான். திமோதிகிக்காக வாதாடியவரும் அவரேதான்! 1888இல் திமோதிகிக்குக் கொடி பிடித்த மொழியறிஞர் ப்சிகாரிஸுக்கும் மொழிப் போரும் நாட்டுப் போரும் ஒன்றுதான். திமோதிகிக்கு இலக்கணம் எழுத மொழியறிஞர் திரியாந்தாஃபிலிதிஸ் தலைமையில் குழு போட்டது சர்வாதிகாரி மெதாக்ஸாஸின் அரசு. நூல் 1941இல் வந்தது.

1967–74 ராணுவ ஆட்சி கதரேவுசாவைத் தூக்கிப் பிடித்தது உண்மை. அதை வைத்து முந்தைய காலம் முழுவதையும் படித்தால் 1901 புரியாமலே போகும். பாலிஸ் மத்தேயு நற்செய்தியைத் திமோதிகியில் பெயர்க்க, 'அக்ரோபோலிஸ்' நாளிதழ் அதை வெளியிட்டது. ஏதென்ஸ் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், 8 பேர் செத்தார்கள், பிரதமர் தியோதோகிஸின் அரசு கவிழ்ந்தது. திமோதிகிக்காரர்கள் ஸ்லாவியரின் கையாட்கள் என்பது எதிரணியின் குற்றச்சாட்டு. இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டது தேசத்தின் பெயரால்தான். பழம்பெருமையா, இன்று பேசும் மொழியா, எது தேசத்தைக் கட்டும் என்பதில்தான் தகராறு. அப்புறம், 1976இல் திமோதிகியை எல்லா நிலைக் கல்விக்கும் கொண்டுவந்தது யார்? கரமன்லிஸின் வலதுசாரி அரசு.

வெனிசேலோஸ் யார் பக்கம்?

1911 அரசமைப்பு அரசின் எழுத்து மொழிக்கு, அதாவது கதரேவுசாவுக்கு, காவல் போட்டது. 1917இல் தொடக்கப் பள்ளிக்குத் திமோதிகி வந்தது. இரண்டும் வெனிசேலோஸ் பிரதமராக இருந்த ஆட்சியில்தான். அவரை ஒரே பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

கிரேக்கம் பேசினால் கிரேக்கர்

1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது பார்த்தது மதத்தை. துருக்கி மொழி பேசிய, துருக்கியின் கப்பதோக்கியா வட்டாரத்து ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கு. இதை எழுதாமல் மொழிதான் அடையாளம் என்று முடிக்காதீர்கள்.

1976இல் எல்லாம் முடிந்தது

முடியவில்லை. 1982இல் எழுத்துகளின் மேல் போடும் பழைய அழுத்தக்குறிகளை அரசு ஒற்றைக் குறியாகச் சுருக்கியது. சில பதிப்பகங்கள் இன்றும் பழைய குறிகளோடுதான் அச்சிடுகின்றன.