துணை டேங்கில் தண்ணீர்: செரோக்கி சிக்ஸ் விமானத்தில் தேடுவதும் தீர்ப்பதும்

பைப்பர் செரோக்கி சிக்ஸ் என்ற சிறிய விமானத்தில் நாலு பெட்ரோல் டேங்க். இறக்கைக்குள் இருக்கும் மெயின் டேங்க் ஒவ்வொன்றும் 25 அமெரிக்க காலன் (சுமார் 95 லிட்டர்) பிடிக்கும். இறக்கை நுனியில் இருக்கும் துணை டேங்க், அதாவது டிப் டேங்க், ஒவ்வொன்றும் 17 காலன் (64 லிட்டர்). குறுகிய பறப்புக்கு மெயினே போதும் என்பதால், பல விமானங்களில் டிப் டேங்க் மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கிறது. ஆபத்து அங்கேதான். உள்ளே இறங்கிய தண்ணீர் டேங்க் அடியிலும், எந்த டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் வரை வரும் குழாயிலும் தேங்கி நிற்கும். எஞ்சினை மெயினில் ஓட்டிப் பார்க்கும் வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். நடுவானில் செலக்டரை டிப்புக்குத் திருப்பும்போதுதான் அது எஞ்சினைப் போய்ச் சேரும்.

முதலில் சாம்பிள் எடுக்கும் முறை. விமானம் சமதளத்தில் நிற்க வேண்டும். சரிவில் நின்றால் தண்ணீர் டிரெயின் வால்வை விட்டு விலகிப் போய்விடும். பெட்ரோல் நிரப்பிய உடனே எடுக்கக் கூடாது. ஒரு அடி ஆழத்துக்கு 15 நிமிடம் என்பது பழைய கணக்கு. இரவு முழுக்க நின்ற பிறகு, யாரும் இறக்கையைத் தொடுவதற்கு முன் எடுப்பது அதைவிட நல்லது. டேங்க்குகளை முதலில் வடித்துவிட்டு, கேஸ்கொலேட்டரை (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர்) கடைசியில் வடியுங்கள். வரிசையை மாற்றினால் டேங்க் அடியில் கிடக்கும் தண்ணீரை நாமே குழாய்க்குள் இழுத்துவிடுவோம்.

குப்பியில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்து வந்தால் நடுவே கோடு தெரியும், அடியில் குமிழ்போல் உருளும், அதில் சந்தேகமில்லை. குப்பி முழுக்கத் தண்ணீரே வந்தால்தான் ஏமாந்துபோவோம். கோடும் இருக்காது, குமிழும் இருக்காது, பளிச்சென்று இருக்கும். 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல் நீலம்தான், ஆனால் சிறிய குப்பியில் அந்த நீலம் மிக வெளிறித் தெரியும். வெள்ளைச் சுவரின் முன் பிடித்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை அதில் விடுங்கள். பெட்ரோல் என்றால் சொட்டு உருண்டையாக அடிக்கு இறங்கும். தண்ணீர் என்றால் சுவடில்லாமல் கலந்துவிடும்.

ஒரு முறை சுத்தமாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பழைய ஆலோசனைச் சுற்றறிக்கை ஒன்றில் ஒரு சோதனை உண்டு. பாதி நிரம்பிய டேங்கில் 3 காலன் தண்ணீரை ஊற்றியும், ஸ்ட்ரெய்னரில் சுமார் 300 மில்லி பெட்ரோலை வடித்த பிறகுதான் தண்ணீர் தலைகாட்டியது. ஸ்ட்ரெய்னரில் தண்ணீர் வருவது நின்ற பிறகும் டேங்கில் சுமார் 9 அவுன்ஸ், அதாவது கால் லிட்டருக்கு மேல், மிச்சம் இருந்தது. டேங்கின் சொந்த டிரெயின் வழியாக மட்டுமே அதை எடுக்க முடிந்தது.

எனவே சுத்தமாக வந்த பிறகு இறக்கை நுனியைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். சில நிமிடம் விட்டு மறுபடியும் வடியுங்கள். தொடர்ந்து மூன்று முறை ஒரு சொட்டுத் தண்ணீரும் வராமல் போகும் வரை இதைச் செய்யலாம். (ரப்பர் பை டேங்க் உள்ள பழைய செஸ்னா விமானங்களில் இன்னொரு தொல்லை உண்டு: பையின் மடிப்புகளில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். டிப் டேங்க் கெட்டியான கூடு என்பதால் இங்கே அது இல்லை.)

அடுத்தது குழாய். பலர் மறப்பது இதைத்தான். 3/8 அங்குலக் குழாய் மீட்டருக்கு 45 முதல் 50 மில்லி பிடிக்கும். இறக்கை நுனியிலிருந்து கேபின் வரை நாலு மீட்டருக்குக் குறையாது. அப்படியென்றால் குழாய்க்குள் மட்டும் சுமார் 200 மில்லி. 50 மில்லிக் குப்பியால் இதைச் சோதிக்கவே முடியாது. செலக்டரை இடது டிப்பில் வைத்து ஸ்ட்ரெய்னரிலிருந்து அரை லிட்டருக்குக் குறையாமல் வடியுங்கள். பிறகு வலது டிப். பிடிக்கும் பாத்திரம் உலோகமாக இருக்கட்டும். அதை விமானத்தோடு கம்பியால் இணைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளியில் மின்னூட்டம் சேர்ந்து பொறி பறக்கும்.

எஞ்சின் ஏற்கெனவே தடுமாறியிருந்தால் தண்ணீர் இன்னும் முன்னே போயிருக்கும். 300 குதிரைத்திறன் மாடலில் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அளந்து விடும் ஃபியூயல் சர்வோவின் நுழைவாய்ச் சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 260 குதிரைத்திறன் மாடலில் கார்புரேட்டர் கிண்ணத்தை வடிக்க வேண்டும். சல்லடையில் வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது, தண்ணீர் நெடுநாளாக நின்றிருக்கிறது என்று பொருள். இது உரிமம் பெற்ற மெக்கானிக்கின் வேலை.

தண்ணீர் எப்படி வந்தது? "காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தது" என்பதுதான் எல்லோரும் சொல்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி காலியான டிப் டேங்கில் 32 லிட்டர் காற்று. 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்றுகூடக் கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீரைத்தான் தாங்கும். ஆக, மொத்தம் ஒரு கிராம். தினமும் டேங்க் மூச்சு விட்டாலும் உள்ளே புதிதாக வரும் காற்று கொஞ்சம்தான். ஒரு மழைக்குப் பின் அரை டம்ளர் தண்ணீர் வந்தால் மூடியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூடியைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை நகத்தால் அழுத்துங்கள். பழையதாகிவிட்டால் தட்டையாகி, வெடித்து, கெட்டிப்பட்டிருக்கும். மூடிக்கான பாகப் பட்டியலில் உள்ள ஓ-ரிங்கையே போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் பெட்ரோலில் உப்பிவிடும். மூடி உட்காரும் விளிம்பில் துரு, பள்ளம், பழைய பெயின்ட் இருக்கிறதா பாருங்கள். இவை இருந்தால் புது ஓ-ரிங்கும் கசியும். உறுதி செய்ய, டேங்கின் காற்றுத் துளையான வென்ட் வழியாக மெல்லிய அழுத்தம் கொடுத்து மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். அழுத்தம் 0.5 பி.எஸ்.ஐ.-ஐத் தாண்டக் கூடாது. அது 35 செ.மீ. நீர்மட்ட உயரம்தான். கம்ப்ரஸரை நேராக இணைத்தால் டேங்க் பிளக்கும். உயரழுத்தத் தண்ணீரால் விமானத்தைக் கழுவும் பழக்கம் இருந்தால் நல்ல மூடி வழியாகவும் தண்ணீர் ஏறும்.

மூடி சரியாக இருந்து, எல்லா டேங்கிலும் தண்ணீர் வந்தால் பெட்ரோல் நிரப்பிய பங்க்கைச் சந்தேகியுங்கள். அதே நாளில் நிரப்பிய மற்றவர்களையும் எச்சரியுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை விமானக் கையேடு அனுமதித்தால், அதில் சொன்ன அளவுக்குள் சேர்க்கலாம். ஆனால் அது மிச்சமான ஈரம் உறையாமல் இருக்க மட்டுமே. தேங்கிய தண்ணீருக்கு அது மருந்தில்லை.

சரிசெய்த பிறகு அடுத்த மழை வரை டேங்கை நிரப்பி வைத்து மறுபடி வடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் தரையில் ஒவ்வொரு டிப்பிலும் சில நிமிடம் எஞ்சினை ஓட்டுங்கள். முதல் பறப்பில், இறங்க வசதியான உயரத்தில் விமான நிலையத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, மின்பம்ப்பைப் போட்டுவிட்டுச் செலக்டரைத் திருப்புங்கள். எஞ்சின் சற்றே தடுமாறினாலும் உடனே மெயினுக்குத் திரும்புங்கள். அந்தப் பறப்பில் டிப்பை மறுபடி தொடாமல் இறங்கி, முதலிலிருந்து தொடங்குங்கள்.